ஸ்ரீனிவாசன் யாருடைய குமாஸ்தாவும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள டி.சி. சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஸ்ரீ ஸ்ரீனிவாசன் பற்றிய கட்டுரை படித்தேன். அவர் தந்தையின் ஊரான நெல்லை மேலத் திருவேங்கடநாதபுரமும், பகவத் கீதை மீது அவர் பதவி உறுதிமொழி எடுத்ததும் விரிவாக வந்திருந்தன. மகிழ்ச்சி. ஆனால் தொழில் வாழ்க்கை பற்றிய பகுதியில் இரண்டு பிழைகள்.

'உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் குமாஸ்தாவாக இருந்தார்' என்று போட்டிருக்கிறீர்கள். குமாஸ்தா என்றதும் நம் வாசகருக்கு, கேஸ் கட்டைச் சுமந்து வாய்தா தேதி குறிக்கும் வக்கீல் குமாஸ்தாதான் நினைவுக்கு வருவார். அங்கே லா கிளார்க் என்பது சட்டப் படிப்பில் முன்னணியில் வந்தவர்களுக்குக் கிடைக்கும் ஓராண்டுப் பணி. உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதிக்கு 4 பேர்தான். வந்து குவியும் மனுக்களில் எதை விசாரணைக்கு எடுக்கலாம் என்று குறிப்பெழுதுவதும், தீர்ப்புக்கு வரைவு தயாரிப்பதும் இவர்கள் வேலை. 'சட்ட உதவியாளர்' என்றால் பொருந்தும்.

சொல் மாறினால் என்ன என்று விட முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 1995இல் சட்டமும் எம்.பி.ஏ.வும் முடித்த அவர், முதலில் மேல்முறையீட்டு நீதிபதி ஹார்வி வில்கின்சனிடமும் பிறகு ஓ'கானரிடமும் பணியாற்றினார். இருவருமே குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் நியமித்தவர்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் புஷ், ஒபாமா இருவர் காலத்திலும் வாதாடியவர். ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா நியமித்த அவரை 2013 மே மாதம் செனட் 97-0 என்று ஏற்றதற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம். 'குமாஸ்தா' என்று போட்டதில் அது மறைந்துபோகிறது.

அடுத்து, 'அதிபர் அவரைத் தலைமை நீதிபதியாகப் பதவி உயர்த்தினார்' என்ற வரி. அதிபர் நியமிப்பது நீதிபதியை மட்டுமே. அதற்கும் செனட் ஒப்புதல் வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமைப் பதவி சட்டப்படி தானாக வருவது. பணியிலிருக்கும் நீதிபதிகளில் 64 வயதைத் தாண்டாத, ஓராண்டாவது பணிசெய்த, முன்பு தலைமைப் பதவி வகிக்காதவர்களில் மூத்தவருக்கு அது போகும். அதிகபட்சம் 7 ஆண்டு. அவருக்கு முன் தலைமை நீதிபதியாக இருந்த மெரிக் கார்லண்டின் 7 ஆண்டு 2020 பிப்ரவரியில் முடிந்தபோது, ஸ்ரீனிவாசனைவிட மூத்த மற்றவர்கள் வயது வரம்பைக் கடந்திருந்தார்கள். அதனால் முறை அவருக்கு வந்தது. அப்போது அதிபராக இருந்த டிரம்புக்கு இதில் வேலையே இல்லை. தலைமை நீதிபதி என்பதற்காகக் கூடுதல் ஓட்டும் கிடையாது. மூவர் அமர்வில் அவருக்கும் ஒரே ஓட்டுதான்.

அவர் எழுதிய தீர்ப்பு ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லாதது பெருங்குறை. இணையச் சேவை தரும் நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டாத தளங்களைத் தடுக்கவோ வேகம் குறைக்கவோ கூடாது என்ற அரசு விதியை 2016 ஜூனில் அந்த நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பை நீதிபதி டேவிட் டேட்டலும் ஸ்ரீனிவாசனும் சேர்ந்து எழுதினார்கள். அமர்வின் மூன்றாவது நீதிபதி ஒரு பகுதியில் மாறுபட்டார். அந்த விதியை அரசே 2017இல் விலக்கிக்கொண்டது வேறு கதை.

இரண்டு பிழைகளுக்கும் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பாளையங்கோட்டை