ஓவர்லோடுன்னா குவிச்சு ஏத்துறது மட்டும் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எம்சாண்ட் (கல்ல உடைச்சு செய்யுற மணல்) ஏத்திட்டு போற டிப்பர் லாரிய பாத்துட்டு "பாடி மட்டத்துக்குத்தான ஏத்திருக்கான், இது எப்படி ஓவர்லோடு ஆகும்"னு நிறைய பேரு கேக்குறாங்க, குவிச்சு ஏத்தி ரோடெல்லாம் சிந்திட்டு போனாத்தான் ஓவர்லோடுன்னு நெனச்சிட்டு இருக்காங்க. சட்டத்துல பாக்குறது உயரம் இல்லீங்க, எடை. ஆர்சி புக்குல (வண்டி பதிவு சான்றிதழ்) போட்டிருக்கிற மொத்த எடைய தாண்டுனா ஓவர்லோடு, தார்ப்பாய் போட்டு பக்காவா கட்டியிருந்தாலும் சரி.

கணக்கு பாருங்க. 10 சக்கர லாரிக்கு 2018ல ஏத்திக் குடுத்த லிமிட்டே வண்டியோட சேத்து 28.5 டன்தான். நம்ம ஊர்ல வியாபாரம் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி, எம்சாண்ட்னா சுமாரா நாலரை டன் வரும், கழுவுன ஈரத்தோட ஏத்துனா இன்னும் கூடும். காலி வண்டியே பத்து டன் பக்கம் நிக்கும், அப்போ 4 யூனிட்டுக்கே லிமிட் வந்துடுது, 6 யூனிட் ஏத்துனா என்ன ஆகும்? பில்லுல யூனிட் மட்டும்தான் இருக்கும், டன் இருக்காது, எல்லா தில்லுமுல்லும் அங்கதான் ஆரம்பிக்குது.

அச்சு மேல பாரம் ரெண்டு மடங்கானா ரோடு சேதம் ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட 16 மடங்குன்னு 1950கள் கடைசியில அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல ரோடு போட்டு லாரி ஓட்டியே சோதிச்சு பாத்திருக்காங்க. புது ரோடு ஒரே மழையில பள்ளமானா கான்ட்ராக்டர மட்டும் திட்டுறோம்.

மோட்டார் வாகன சட்டம் 194வது பிரிவுல 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஃபைன் 20,000 ரூபா, அதுக்கு மேல கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. கூடுதல் பாரத்த இறக்காம வண்டி நகரவே கூடாதுன்னும் இருக்கு, ஆனா எங்க பக்கம் ரசீத போட்டுட்டு அதே லோடோட அனுப்பி விட்டுடறாங்க, அப்புறம் எதுக்குங்க புடிக்கணும்? ஓட்டுறவர் மட்டும் இல்ல, அப்படி ஓட்ட வச்சவரும் விட்டவரும் குத்தவாளின்னு அதே பிரிவு சொல்லுது. மாட்டுறது என்னவோ டிரைவர் மட்டும்தான். நடைக்கு இவ்ளோன்னு கூலி வாங்குற மனுஷன் "கொறச்சு ஏத்துங்கண்ணே"ன்னு சொன்னா அடுத்த நடை வேற ஆளுக்கு போயிடும், பாலத்துல இறங்கும்போது பிரேக் நிக்காம தவிக்கிறதும் அவருதான்.

யூனிட் கணக்க நிறுத்திட்டு டன் கணக்குல விக்க சொல்லி அரசு உத்தரவு போடணும். எடை மேடை சீட்டு இல்லாம ஒரு லாரியும் கல் உடைக்கிற கிரஷர் கேட்ட தாண்டக்கூடாது, மீறுனா முதல் கேஸ் லோடு ஏத்தி விட்டவங்க மேல போடணும்.

இப்படிக்கு
ஒரு வாசகர், நாமக்கல்