சரசுவுக்கு, அந்தத் துணிக்கட்டைப் பற்றி

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் நலம், அண்ணாவைத் தவிர. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் கேட்கமாட்டாய், தெரியும்.

எட்டு மாதமாக எழுதவில்லை. கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. இதை போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுநடுவே கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

அண்ணாவுக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. விழித்திரையின் மையம் வயதால் தேய்கிறதாம். ஓரத்தில் இருப்பது தெரிகிறது, நேராகப் பார்த்தால் நடுவில் ஒரே புகை. என் முகத்தைப் பார்ப்பதற்கு என் காதுப் பக்கமாகப் பார்க்கிறார். முதல் தடவை அதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் இரண்டு பேரையும் ஒரே சைக்கிளில் வைத்து மிதித்த மனிதர். சரி, அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

அவருக்கு ஒரு குயில்ட், அதுதான் துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கிற போர்வை, தைத்துத் தருவதாக என்றோ சொல்லியிருந்தேன். இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று போன மாதம் அலமாரியைத் திறந்து, நீ அனுப்பிய பத்திக் துணிக்கட்டை, மெழுகு பூசிச் சாயம் ஏற்றிய அந்தத் துணிகளை, வெளியே எடுத்தேன். நாலு வருஷமாக வெட்ட மனசில்லாமல் வைத்திருந்தேன், சரசு. அலை மாதிரி ஓடுகிற அந்த நீலம், பாசிப் பச்சை, கடுகு மஞ்சள், மெரூன். எல்லாவற்றையும் தரையில் விரித்து ஒரு மணி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். மெழுகில் விழுந்த வெடிப்புக்குள் சாயம் இறங்கி நரம்பு நரம்பாக ஓடியிருக்கிறதே, அதைச் சாதாரண அச்சுத் துணியில் பார்க்க முடியாது. இவற்றைத்தான் வைத்துத் தைக்கப்போகிறேன் என்று அன்று முடிவே செய்துவிட்டேன்.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். 12 அங்குலத்தில் ஒரே எட்டுமுனை நட்சத்திரம், இரண்டு கட்டங்கள். ஒன்று முழுக்க உன் பத்திக்கில். இன்னொன்று ப்ளெயின் துணியில், கறுப்புத் தளத்தில் சந்தன நிற முனைகள், நடுவில் மஞ்சள். இரண்டையும் அண்ணா மடியில் வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

பத்திக் கட்டத்தைக் கையில் எடுத்துத் தடவினார். "ரொம்ப வழவழப்பா இருக்கு. இது என்ன, இலையா, தண்ணியா?" என்று கேட்டார். நட்சத்திரம் என்று நான் சொன்ன பிறகும் அவரால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ப்ளெயின் கட்டத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு முனையாக விரல் வைத்து எண்ணினார். எட்டு வரைக்கும் எண்ணிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், சரசு. என் காதைப் பார்த்துத்தான்.

அன்று இரவு இரண்டு கட்டங்களையும் போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தேன். பத்திக்கில் நட்சத்திரம் இருந்த இடமே தெரியவில்லை, எல்லாம் ஒரே சாம்பல். நீலமும் பச்சையும் நமக்கு வேறு வேறாகத் தெரிந்தாலும் வெளுப்பிலும் அடர்த்தியிலும் இரண்டும் ஒன்றுதான். போதாததற்கு ஒவ்வொரு துண்டுக்குள்ளேயும் நாலு நிறம் ஓடுகிறது. ஒரு துண்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்பது நல்ல கண்ணுக்கே சிரமம். மிக வெளுத்ததையும் மிக அடர்ந்ததையும் மட்டும் பொறுக்கி எடுத்தால் பத்திக்கிலும் உருவம் எழும்பி நிற்கும். ஆனால் உன் துணிக்கட்டில் இருக்கிற நாலுமே நடுத்தர அடர்த்தி.

இன்னொன்றும் இருக்கிறது. மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித் துணி மூன்றையும் சேர்த்துப் போடுகிற குயில்ட் தையலை நான் கையால்தான் போடுவேன் என்பது உனக்குத் தெரியும். பத்திக்குக்கு எடுக்கிற துணி நெருக்கமாக நெய்தது. இழை தளர்ந்திருந்தால் மெழுகுக் கோடு பரவிவிடும், அதனால்தான். அங்குலத்துக்கு அத்தனை இழை இருந்தால் ஊசி உள்ளே போக மாட்டேன் என்கிறது. மெஷினில் 70-ஆம் நம்பர் கூர் ஊசி போட்டால் சுலபமாக ஓடிவிடும், கைக்குத்தான் தண்டனை. அரை மணி நேரத்தில் என் கட்டைவிரல் புண்ணாகிவிட்டது. பிரித்துத் தைத்தால் ஊசித் துளை அப்படியே நிற்கிறது. அண்ணாவுக்கு விரலால் படிக்கிற மாதிரி 8-ஆம் நம்பர் தடி நூலில் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட ஆசை. அந்த நூலுக்கான ஊசி, ப்ளெயின் துணியில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது.

"ப்ளெயின் துணி யூனிஃபார்முக்குத்தான்" என்று நீ சொல்வாயே, தையல் டீச்சர் முன்னாலேயே ஒரு தடவை சொன்னாயே, அது இப்போதும் காதில் கேட்கிறது. அதற்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், ஆடம்பரம் இல்லாமல் எளிமையாக வாழ்கிற ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள் தைத்த பழைய குயில்ட்களின் படங்களைப் பார். உடுத்துவதும் ப்ளெயின், போர்த்துவதும் ப்ளெயின். நடுவில் ஒரே ஒரு பெரிய வைரம், சுற்றிலும் அடர்ந்த ஊதாவும் சிவப்பும். கிட்டப் போனால் அந்த வெறுமையான இடமெல்லாம் இறகும் கயிறுமாகத் தையல். அச்சுத் துணியில் போட்டிருந்தால் அத்தனை உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளையும் டெனிமையும் வெட்டித் தைத்தவை 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்திலும் மாட்டப்பட்டன. கோணல் மாணலான பட்டைகள்தான். எனக்குப் பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை.

ப்ளெயினில் சிரமம் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு முனை ஒரு நூல் தள்ளிப் போனாலும் ஊருக்கே தெரியும். பத்திக்காக இருந்தால் அந்த நிறக் கலவை மூடிக்கொள்ளும். சந்தன நிறத்துக்கு அடியில் கறுப்பு மடிப்பு நிழலாகத் தெரிகிறது, அதனால் எல்லா மடிப்பையும் கறுப்புப் பக்கமாகவே மடித்துத் தேய்க்கிறேன். குறுக்காக வெட்டிய விளிம்பு கொஞ்சம் இழுத்தால் நீண்டுவிடுகிறது. உன் பத்திக் அந்த விஷயத்தில் தங்கம், இழை பிரிவதே இல்லை.

நான்கு நாள் உன்னை நினைத்து உறுத்திக்கொண்டே இருந்தது. நீ ஆசையாகப் பொறுக்கி அனுப்பியதை ஒதுக்கி வைக்கிறேனே என்று. அண்ணாதான் வழி சொன்னார். பத்திக் கட்டத்தை அவர் திருப்பித் தரவே இல்லை, நாற்காலியிலேயே வைத்துக்கொண்டார். இது எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார். ஜாவாவில் சின்னச் செம்புக் கிண்ணத்தில் மூக்கு வைத்த சாண்டிங் என்ற கருவியால் சூடான மெழுகை ஊற்றிக் கோடு போடுவார்கள், செம்பு அச்சாலும் ஒற்றுவார்கள், மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் பிடிக்காது, ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி மெழுகு, மறுபடி சாயம், கடைசியில் கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள் என்று சொன்னேன். 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தோனேசிய பத்திக்கைச் சேர்த்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இது முகத்துப் பக்கம் வரட்டும். எது தலைமாடுன்னு கை வைச்சாலே எனக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

அப்படியே செய்கிறேன். 30 கட்டம், ஐந்துக்கு ஆறு, எல்லாம் ப்ளெயின். ஒவ்வொரு கட்டத்திலும் தையல் வேறு: அலை, வட்டம், கயிறு. தலைமாட்டில் முழு அகலத்துக்கும் உன் பத்திக் ஒரு பட்டை, மேலே ஆறு அங்குலம், பின்பக்கம் மடிந்து இன்னொரு ஆறு. அங்கே கைத் தையல் கிடையாது, மெஷினில் இரண்டு ஓட்டம் போதும். குயில்ட்டில் முதலில் நைந்துபோவது முகவாய் உரசுகிற அந்த இடம்தான், அந்த நெருக்கமான நெசவு தாங்கும். ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் போகக் கூடாது என்று இரண்டு வகையையும் நனைத்துக் காயவைத்துவிட்டேன்.

எந்த நிறம் என்பதை நீதான் சொல்ல வேண்டும். நீலமா, பாசிப் பச்சையா? அண்ணாவுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் நீ தேர்ந்தெடுத்தது என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷம். மெரூனைக் கேட்காதே. நாலு தடவை அலசியும் தண்ணீர் ரோஜா நிறமாகத்தான் வருகிறது, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் ஒட்டுகிறது. சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. கடுகு மஞ்சளைத் தொடமாட்டேன், அது உன் தலையணை உறைக்கு.

இன்று வரைக்கும் பதினொரு கட்டம் முடிந்திருக்கிறது. சீக்கிரம் பதில் போடு, தலைமாட்டு வரிசைக்கு வருவதற்குள்.

அன்புடன்,
பத்மா