எல்லாப் போருக்கும் ஒரே அம்மா

பத்திரிகை ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் படம் போடும் ஓவியர்களுக்கும்,

வணக்கம். எந்த நாட்டுப் போரானாலும் உங்கள் பக்கங்களில் அகதி என்றால் அதே அம்மாதான் வருகிறார். தலையில் முக்காடு, இடுப்பில் குழந்தை, முன்னால் முள்கம்பி, பின்னால் சாம்பல் நிறப் புகை. கட்டுரை சிரியாவைப் பற்றியதா, சூடானைப் பற்றியதா, உக்ரைனைப் பற்றியதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அச்சுக்குப் போகிற நேரத்தில் “அகதி படம் ஒன்று” என்று மட்டும் கேட்டால் ஓவியர்தான் என்ன செய்வார்? அதுவும் புரிகிறது.

1940 ஜூனில் ஜெர்மன் படை நெருங்கியபோது பாரிஸ்காரர்கள் கார் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கார் இல்லாதவர்கள் குழந்தை வண்டியில் வீட்டுச் சாமானை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மெத்தையை வரைந்தால் போதும். ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியாமல் கிளம்பியவர்கள் என்பது விளங்கிவிடும், கண்ணீர்த்துளி எதற்கு?

கூடாரமும் படகும் அந்த அம்மாவைப் போலத்தான், பார்த்துப் பார்த்துப் பழகிய படங்கள். ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்குப்படி அகதிகளில் பெரும்பாலோர் முகாம்களில் இல்லை, நகரங்களில் இருக்கிறார்கள். எல்லை தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் அகதிகளைவிட அதிகம். வாடகை அறையில் பூட்டுக்கு எண்ணெய் போடுகிற அகதியை யாராவது வரைந்திருக்கிறீர்களா?

கேமராவுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழின் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தான் முகாமில் எடுத்த படம். உலகமே பார்த்த அந்த முகம் யாருடையது என்று தெரியவர 2002 ஆனது. 2016-ல் போலி அடையாள அட்டை வழக்கில் பாகிஸ்தானில் அவர் கைதானபோது பழைய படமும் செய்தியோடு சேர்ந்து சுற்றியது. ஊரில் சொந்தபந்தம் மாட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு முகம் வெளியே தெரிவது இதைவிட ஆபத்து. நீங்கள் முகத்தை மட்டும் மாற்றிவிட்டு, கையையும் செருப்பையும் மூட்டை கட்டிய விதத்தையும் உள்ளபடியே வரையலாம். இப்போது முகத்தோடு சேர்த்து ஆளையே அழித்துவிடுகிறீர்கள்.

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரைவதற்கு முன் ஓவியரையும் நிருபரையும் பத்து நிமிடம் பேச விடுங்கள். எவ்வளவு குளிர், கையில் என்ன இருந்தது, யார் முன்னால் நடந்தார்கள் என்று ஓவியர் கேட்கட்டும். அப்புறம், நேரில் பார்த்து வரைந்ததா, புகைப்படத்தைப் பார்த்தா, கற்பனையா என்று படத்துக்குக் கீழே ஒரு வரி போடுங்கள். பத்திரிகையில் புகைப்படத்தை அச்சிட வழியில்லாத 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்ற லண்டன் வார இதழ் போர்ப் படங்களுக்குக் கீழே ‘எங்கள் சிறப்பு ஓவியர் வரைந்ததிலிருந்து’ என்று போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
படத்தைப் பார்த்துவிட்டே கட்டுரைக்குள் போகும் ஒரு வாசகன்