தைராய்டு ஸ்கேனும் ஏ.ஐ. சதவீதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தைராய்டு கட்டி சாதாரணமானதா, புற்றா என்று ஸ்கேன் படத்தைப் பார்த்தே ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) மென்பொருள் சொல்லிவிடும் என்ற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. கோவை, ஈரோடு, திருப்பூர் ஸ்கேன் சென்டர்கள் அதை வாங்குவதற்கு முன், இப்போது கொடுக்கும் ரிப்போர்ட்டைச் சீர்செய்ய வேண்டும். 'வலது பக்கம் கட்டி, 12 மி.மீ., மருத்துவரைப் பார்க்கவும்' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2017-ல் வெளியிட்ட டைராட்ஸ் என்ற, தைராய்டு கட்டிகளை ஆபத்துக்கு ஏற்ப ஐந்து வகையாகப் பிரிக்கும் முறை, ஐந்து விஷயங்களுக்குப் புள்ளி போடுகிறது: கட்டி திடமா, நீர் கோத்ததா; எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது; அகலத்தைவிட உயரம் அதிகமா; ஓரம் எப்படி; உள்ளே வெள்ளைப் பொட்டுகள் உண்டா. திடமாக, சற்றுக் கறுப்பாக, ஓரம் வழவழப்பாக உள்ள 12 மி.மீ. கட்டிக்கு, திடத்துக்கு 2, கறுப்புக்கு 2, மொத்தம் 4. இது நான்காம் வகை. 15 மி.மீ. ஆகும்வரை ஊசி சோதனை (ஊசியால் கட்டியின் செல்களை எடுத்துப் பார்ப்பது) தேவையில்லை, இடைவெளி விட்டு ஸ்கேன் பார்த்து வந்தால் போதும். அதே கட்டியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் 3 கூடி 7 ஆகி ஐந்தாம் வகைக்குப் போய்விடும். அதற்கு 10 மி.மீ. இருந்தாலே ஊசி.

ஆக, பொட்டைச் சரியாகப் படிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தவறு நடப்பதும் அங்கேதான். கொலாய்டு (தைராய்டில் சேரும் பசை போன்ற பொருள்) பொட்டுக்குப் பின்னால் வால்நட்சத்திரம்போல் குறுகும் ஒரு வால் தெரியும். பெரிய வால் உள்ள பொட்டுக்குப் புள்ளியே கிடையாது. மெஷினில் பல கோணப் படங்களை ஒன்றாகச் சேர்க்கும் 'காம்பவுண்ட்' வசதி ஓடிக்கொண்டிருந்தால் அந்த வால் மங்கிப்போகும். நுண்ணிய நீர்ப்பைகளின் பின்சுவரும் பொட்டுபோல் பளிச்சிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கெயினை ஏற்றி வைத்தால் கறுப்புக் கட்டியும் சாம்பலாகிப் புள்ளி குறையும். அதனால் கறுப்பா என்பதைச் சுற்றியுள்ள தைராய்டு திசுவோடும், மிகக் கறுப்பா என்பதைக் கழுத்துத் தசையோடும் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். தைராய்டு அழற்சியால் சுரப்பியே கறுத்திருப்பவர்களிடம் இதில் இன்னும் கவனம் தேவை. கோணல் படத்தைக் கொடுத்தால் மென்பொருளும் கோணலாகத்தான் சொல்லும். தெர்மல் பேப்பர் பிரிண்டை போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது சதவீதக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 1000 கட்டிகளில் 50 மட்டும் புற்று என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் புற்றில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், சாதாரணக் கட்டியில் 80 சதவீதத்தைச் சரியாக விலக்கும் என்றால், 45 புற்றோடு 190 சாதாரணக் கட்டிகளும் 'சந்தேகம்' பட்டியலில் சேரும். அந்த 235 கட்டிகளில் உண்மையில் புற்றாக இருப்பது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. 'இது கேன்சருங்களா?' என்று கலங்கி நிற்பவரிடம் இதை விளக்காமல் மென்பொருள் சொல்லும் வெறும் சதவீதத்தை அச்சடித்துத் தருவது நியாயமில்லை. தென்கொரியாவில் ஸ்கேன் பரிசோதனை பெருகி, 2011-ல் தைராய்டு புற்று 1993-ஐவிட 15 மடங்காகப் பதிவானது. கண்டுபிடிப்பு கூடியதே தவிர, இறப்பு அளவு ஏறக்குறைய மாறவே இல்லை.

வாங்குகிற சென்டர்கள் விற்பனையாளரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். ஒரே நோயாளியின் படங்கள் மென்பொருளுக்குக் கொடுத்த பயிற்சியிலும் அதைச் சோதித்ததிலும் கலந்தனவா? (கலந்தால் சோதனை முடிவு உண்மையைவிட நன்றாகத் தெரியும்.) அளவெடுக்கும் '+' குறிகளை நீக்கிவிட்டுப் பயிற்சி கொடுத்தார்களா? நீக்காவிட்டால் மென்பொருள் கட்டியை விட்டுவிட்டுக் குறியைப் படிக்கப் பழகிவிடக்கூடும். ஊசி அல்லது அறுவை முடிவு தெரிந்த உங்கள் பழைய படங்களை, உங்கள் மெஷினில் எடுத்தவற்றையே, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபாலிகுலர் கட்டி (தைராய்டின் நுண்பைச் செல்களில் வளரும் ஒரு வகை) புற்றா இல்லையா என்பதையும் பிரித்துச் சொல்லும் என்றால் நம்பாதீர்கள். அது உறையைத் தாண்டியதா, ரத்தக் குழாயில் நுழைந்ததா என்பது கட்டியை அறுத்து எடுத்த பிறகே தெரியும்; ஊசி சோதனைக்கும் பிடிபடாது.

நோயாளிகள் ரிப்போர்ட்டில் மூன்று பக்க அளவும் ஐந்து அம்சங்களும் டைராட்ஸ் வகையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படங்களைச் சி.டி.யில் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் வேறு ஊரில் ஸ்கேன் எடுத்தாலும் வளர்ந்ததா என்று ஒப்பிடலாம். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையும் அவசியம். குரல் கம்மினாலோ, கழுத்தில் நெறிகட்டினாலோ, கட்டி வேகமாகப் பெருத்தாலோ இந்த மி.மீ. கணக்கு எதுவும் பொருந்தாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

- கதிரியக்க மருத்துவர்கள் சிலர், ஈரோடு