கிராஃபீன் உணரி: மூலக்கூறைப் பிடித்தால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்று மாசைக் கண்காணிக்கும் சிறிய கருவிகளில், கரி அணுக்கள் ஒரே அடுக்காக அமைந்த தாளான கிராஃபீனைப் பயன்படுத்துவது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். வாயு உணரிகளைச் சோதித்து, அவை காட்டும் எண் சரியாக இருக்கும்படி அளவுத்திருத்தம் செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். கட்டுரையாளரின் நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் கிராஃபீன் ஒற்றை மூலக்கூறைக்கூடக் கண்டுகொள்ளும் என்ற செய்தியிலேயே கட்டுரை நின்றுவிட்டதால், இந்த உணரி தெருவில் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வாசகருக்கு விடை கிடைக்கவில்லை.

அந்தச் செய்தி பொய்யல்ல. 2004-இல் கிராஃபீனைத் தனித்துப் பிரித்துக் காட்டிய மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவே 2007-இல் அதைச் செய்து காட்டியது. ஓர் அணு தடிமனே உள்ள கரித்தாள் என்பதால் அதன் ஒவ்வோர் அணுவும் வெளிக்காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கணக்குப்படி ஒரு கிராம் கிராஃபீனின் பரப்பு 2,600 சதுர மீட்டருக்கும் அதிகம். அதன்மீது வந்து ஒட்டும் நைட்ரஜன் டை ஆக்சைடு எலக்ட்ரானை இழுத்துக்கொள்கிறது, அம்மோனியா எலக்ட்ரானைக் கொடுக்கிறது, இரண்டினாலும் மின்தடை மாறுகிறது. கிராஃபீனில் மின் இரைச்சல், அதாவது காரணமின்றி எழும் மின் ஏற்ற இறக்கம், மிகக் குறைவு என்பதால் அந்தச் சிறு மாற்றமும் அதில் மூழ்கிப்போவதில்லை. ஆனால் அந்தச் சோதனை, வலிமையான காந்தப்புலத்துக்குள், மிகவும் நீர்த்த வாயுவை வைத்து ஆய்வுக்கூடத்தில் நடந்தது. மின்கம்பத்தில் தொங்கும் கருவிக்கு அந்த வசதி எதுவும் கிடையாது.

மூலக்கூறைப் பிடிப்பதைவிட அதை விடுவிப்பதுதான் கடினம் என்பதை என் மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கூட்டுக்குள் கிராஃபீன் பதித்த சில்லை வைத்து, பத்து நிமிடம் நைட்ரஜன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் செலுத்தினால், திரையில் மின்தடையைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கும். பிறகு தூய காற்றைச் செலுத்தினால் கோடு பழைய இடத்துக்கு ஏற வேண்டும். அது ஏறுவதில்லை, அரை மணி நேரம் கழித்தும் பாதி வழியிலேயே நிற்கும். இரண்டாவது முறை அதே அளவு வாயுவைச் செலுத்தினால், அந்தப் பாதி வழியிலிருந்துதான் கணக்கு தொடங்கும், மூன்றாவது முறை அசைவு இன்னும் சுருங்கிவிடும். காலை நெரிசலில் ஒட்டிய புகை மாலைவரை கருவியை விட்டுப் போகாவிட்டால், மாலையில் அது காட்டும் எண் எந்தப் பொழுதின் எண்? மான்செஸ்டர் குழுவும் சில்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வெற்றிடத்தில் 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றியது. புறஊதா ஒளி பாய்ச்சியும் மூலக்கூறுகளைக் கிளப்பிவிடலாம். 200 முதல் 400 டிகிரி வரை சூட்டில் இயங்கும் வெள்ளீய ஆக்சைடு உணரிகளுக்கு மாற்றாக, அறை வெப்பநிலையில் சொற்ப மின்சாரத்தில் இயங்கும் என்பதுதான் கிராஃபீனின் பெரிய கவர்ச்சி. சூடாக்கியும் விளக்கும் சேரும்போது அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கட்டுரை விசாரித்திருக்க வேண்டும்.

அடுத்தது, எந்த வாயு என்று பிரித்தறிவது. மின்தடை என்பது ஒரே ஓர் எண். அதை மாற்றியது நைட்ரஜன் டை ஆக்சைடா, ஈரப்பதமா என்று அந்த எண் தானாகச் சொல்லாது. கூட்டின் மூடியைத் திறந்து நான் அருகில் குனிந்தபோது, என் மூச்சின் ஈரத்துக்கே கோடு துள்ளியதைக் கண்டிருக்கிறேன். இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட முடிவு. சில்லைத் தயாரிக்கும்போது கிராஃபீன்மேல் பாலிமர்ப் பூச்சின் எச்சம் மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. அதைச் சூட்டில் நீக்கிப் பார்த்தபோது, சுத்தமான கிராஃபீன் அம்மோனியா ஆவிக்குக்கூட வியக்கத்தக்க அளவு குறைவாகவே அசைந்தது. அதுவரை கிராஃபீனின் திறமை என்று எண்ணியதில் பெரும் பங்கு அழுக்கினுடையது! இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. தற்செயலாகப் படிந்த எச்சத்துக்குப் பதிலாக, நமக்கு வேண்டிய வாயுவை மட்டும் ஈர்க்கும் படலத்தை நாமே தேர்ந்து பூசலாம் என்ற வழி அங்குதான் துலங்கியது. ஹைட்ரஜனுக்குப் பல்லேடியம் என்ற உலோகத்தின் துகள்களைத் தூவுவதும், வேறு வேறு பூச்சுள்ள பல சில்லுகளை ஒரே பலகையில் அடுக்கி அவற்றின் பதில்களைச் சேர்த்துப் படிப்பதும் அந்த வழியைச் சேர்ந்தவையே. ஆனால் படலம் சில்லுக்குச் சில்லு ஒரே சீராக அமையாவிட்டால், ஒவ்வொன்றையும் தனித்தனியே அளவுத்திருத்தம் செய்ய வேண்டிவரும். விலை குறையும் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார அமைப்பு 2021-இல் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கான ஆண்டுச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அது 100 கோடிப் பங்கு காற்றில் ஏறக்குறைய 5 பங்கு. அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாக, பத்து லட்சத்தில் சில பங்கைக் கண்டறிந்தோம் என்று சொல்லும் சோதனை, நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாலையோரக் குடியிருப்பு ஒன்றில், மக்கள் தாங்களே காசு சேர்த்து மலிவான உணரிகளை மாட்டினார்கள். அவை கிராஃபீன் அல்ல, ஆனாலும் சிக்கல் இதே சிக்கல்தான். மழை பெய்த ஒரு மாலையில் எண்கள் இரு மடங்காக ஏற, குழந்தைகளை வெளியே விடாமல் கதவடைத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் அது ஈரப்பதத்தின் வேலை என்று தெரிந்தது. அதன்பின் உண்மையாகவே புகை சூழ்ந்த நாள்களில் அவர்கள் எழுதிய புகார்களுக்கு, உங்கள் கருவி தவறு என்ற ஒற்றைப் பதிலே கிடைத்தது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு தாயின் முகம் என் நினைவை விட்டு அகலவில்லை.

ஆகவே, இத்துறையைப் பற்றி இதழில் மீண்டும் எழுதும்போது, உருவாக்கியவர்களிடம் இவற்றைக் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்: 100 கோடியில் 5 முதல் 20 பங்கு வரையிலான அளவில் உணரி எவ்வளவு துல்லியமாக இயங்குகிறது? ஈரப்பதம் 30 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏறும்போது அது காட்டும் எண் எவ்வளவு நகர்கிறது? கண்காணிப்பு நிலையங்களில் உள்ள வேதி ஒளிர்வு அளவைக் கருவியின் (வேதிவினையில் எழும் ஒளியைக் கொண்டு வாயுவை அளக்கும் கருவி) பக்கத்தில் உணரியை ஆறு மாதம் திறந்தவெளியில் வைத்துப் பார்த்தார்களா? பார்த்திருந்தால், அந்த இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் அச்சிடுங்கள்.

அன்புடன்,
வாயு உணரிகளைச் சோதிக்கும் பணியிலுள்ள ஒரு வாசகர்