வீணை வாங்கித் தந்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலுள்ள அரசாங்கத் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் பழைய மாணவர்களும் வர்த்தகப் பெருமக்களும் செய்யும் உதவிகள் பற்றிய செய்திகள் தங்கள் பத்திரிகையில் அடிக்கடி படங்களுடன் இடம்பெறுகின்றன. இருபத்தாறு ஆண்டுகள் சங்கீத ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அவ்வுதவிகளில் சங்கீதம், நடனம் முதலிய அழகியற் கல்விக்கு வந்து சேரும் பங்கைக் குறித்து, கொடையாளர்களின் மனம் நோகாத வகையில் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

நான் கடைசியாகக் கற்பித்த பாடசாலைக்கு, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் மூன்று வீணைகளை அன்பளிப்புச் செய்தார். விழா எடுத்தோம், பொன்னாடை போர்த்தினோம், வீணைகளை வைத்த அலுமாரியின் கதவில் அவருடைய பெயரையும் பொறித்தோம். துறைமுகத்தை அண்டிய பகுதி அது. உப்புக் காற்றும் புழுக்கமும் சேர்ந்து இரண்டாம் வருடமே தந்திகள் துருப்பிடித்து, மெழுகு இளகி, மெட்டுகள் இடம் பெயர்ந்துவிட்டன. மேளம் கட்ட, அதாவது மெழுகிட்டு மெட்டுகளை மீண்டும் சுருதிக்குப் பொருத்த, தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவருக்குக் கூலி கொடுக்கத்தான் எந்தக் கணக்கிலும் காசு இருக்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேட்டபோது, புதிதாக வாங்குவதென்றால் யாரிடமாவது கேட்கலாம், பழையதைத் திருத்த யார் தருவார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. தோல் மூட்டு மாற்றிய மிருதங்கத்துக்கு யாரும் நாடா வெட்டுவதில்லை.

வீணையாவது அலுமாரியில் இருக்கிறது. ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் நிலை இதனினும் மோசமானது. தரம் 6 முதல் 9 வரை சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் கற்க வேண்டும். ஆனால் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே பிள்ளையின் விருப்பப் பாடமாகிவிடுவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். தரம் 11 இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குச் செய்முறைப் பரீட்சை வரும்போது, வசதியுள்ள பெற்றோர் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ தனியார் வகுப்புக்கு அனுப்பிச் சமாளித்துக்கொள்வார்கள். மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் நாட்கூலிக்குப் போகும் தாய் என்ன செய்வாள்? தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நடன உடையை வாடகைக்கு எடுக்கவே தோட்டை அடகு வைத்தவர்களை நான் அறிவேன்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பொதுப் பாடசாலைகளைச் சேர்ந்த 10,548 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வொன்று இவ்விடத்தில் கருதத்தக்கது. கலைக் கல்வி விரிவாக்கப்பட்ட பாடசாலைகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மாணவர்களின் வீதம் 3.6 சதவீதப் புள்ளிகள் குறைந்ததோடு, எழுத்துத் தேர்ச்சியும் உயர்ந்தது. என்னை அதிகம் கவர்ந்தது பணம் திரட்டப்பட்ட முறைதான். பாடசாலைகள் தம் பங்காக ஒரு தொகையை ஒதுக்க, கொடையாளர்கள் அதற்கு ஈடான தொகையை அளித்தார்கள். அந்தப் பணத்தில் கலைஞர்களும் கலை நிறுவனங்களும் பாடசாலைகளுக்கு வந்தார்கள். ஹூஸ்டனின் செல்வம் நமக்கில்லை என்பது உண்மைதான். ஆனால் கருவிக்கன்றிக் கற்பிக்கும் ஆளுக்காகப் பணம் கொடுக்கும் அந்த வழக்கத்தைப் பின்பற்றச் செல்வமின்மை தடையல்ல.

யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் முன்னர் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்றிருந்த பல்கலைக்கழகப் பீடத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பட்டம் பெற்றவர்கள் நியமனத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில், அவர்களுள் ஒருவரைக் கொழும்பில் தங்கவைத்து மூன்று ஆண்டுகளுக்குக் கொடுப்பனவு வழங்கும் பொறுப்பை ஒரு பழைய மாணவர் சங்கம் ஏற்கலாம். கொழும்பு வாடகையை நினைத்தே வரத் தயங்குபவர்கள் அவர்கள். ஒரு பாடசாலைக்கு முடியாவிட்டால், அயலிலுள்ள இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். இதனால் அரசாங்கம் தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடும் என்று சிலர் அஞ்சுவது நியாயமே. ஆகவே கொடுப்பனவுக்குக் கால எல்லை விதித்து, நிரந்தர ஆசிரியருக்கான கோரிக்கையை அதிபர் ஒவ்வொரு தவணையும் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும் என்று முதலிலேயே உடன்பாடு செய்துகொள்வது நல்லது. கருவிகளைப் பராமரிக்க ஒரு சிறு தொகையையும் அதே கணக்கில் ஒதுக்கி, வரவு செலவைப் பெற்றோர் பார்க்கும்படி அறிவித்தற் பலகையில் இட வேண்டும்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் நிறுவிய மகளிர் கல்லூரி நூறாண்டு கடந்தும் இயங்குகிறது. அத்தனை பெரிய கொடையை இன்று யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. அடுத்த வீணைக்கு முற்பணம் கொடுக்கும் முன்னர், பாடசாலையில் ஏற்கெனவே உள்ள அலுமாரியைத் திறந்து பார்த்து, அதற்குள் இருப்பவற்றில் எவை ஒலிக்கின்றன, அவற்றைக் கற்பிக்க யார் இருக்கிறார் என்று சங்கீத ஆசிரியரிடமோ, அவர் இல்லையென்றால் அதிபரிடமோ ஒரு வார்த்தை கேட்கும்படி மட்டும் பழைய மாணவர் சங்கங்களை வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.