கைக்குழந்தைக்கு யார் எடை போடுவது?

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. ஓய்வுபெற்று இத்தனை காலம் ஆகியும் பள்ளிக்கூடத்து ரவை உப்புமாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறாயே, சத்துணவு அமைப்பாளர் புத்தி எங்கே போகும்!

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் காலைச் சிற்றுண்டி நல்ல திட்டம் என்கிறாய், எனக்கும் அதே கருத்துதான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய்விட்டது. விடியலிலேயே களையெடுக்கப் போகிறவள் வீட்டில் அந்நேரம் அடுப்பெரியாது என்பது நமக்குத் தெரியாததா? 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது கஜானா தாங்காது என்றார்கள். பிறகு வந்த ஆட்சிகள் தட்டில் ஏதாவது கூட்டினவே தவிர, யாரும் கைவைக்கவில்லை. முட்டை வாரத்துக்கு ஐந்து ஆனதும் அப்படித்தான்.

என் குறை வேறு. முதல் இரண்டு வயதில் குன்றிய வளர்ச்சியைப் பள்ளிச் சோறு முழுதாக மீட்டுத் தராது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. ரத்தசோகையோ முந்தைய கணக்கெடுப்பின் 51 விழுக்காட்டிலிருந்து 57 ஆகிவிட்டது. ரேஷனில் விலையில்லா அரிசி கொடுக்கும் மாநிலத்தில்! பசியை ஆற்றிவிட்டோம், இரும்புச்சத்துக்கு வழி செய்யவில்லை.

1980-இல் உலக வங்கிக் கடனில் வந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில்தானே நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை மாதாமாதம் எடை. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தராசில் தொங்கும் பிள்ளை வீறிடும், கண்பட்டுவிடும் என்று பாட்டி முறைப்பாள். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்பாள் தாய். எடை குறிக்கும் அட்டையில் கோடு ஏறாமல் படுத்திருப்பதைக் காட்டினால்தான் பேச்சு நிற்கும். பார்வைக்கு இளைப்பதற்கு முன்பே பிடித்துவிடலாம், அதுதான் அதன் சூட்சுமம். உருண்டை கிடைக்காத வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தது தனிக்கதை.

இன்றைக்கு அங்கன்வாடியில் எடையும் போட வேண்டும், பாட்டும் சொல்லித்தர வேண்டும், எல்லாவற்றையும் கைப்பேசியில் ஏற்றவும் வேண்டும். சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போனால் கொழுக்கட்டையாகி எல்லார் வாய்க்கும் போகிறது. அதைக் குழந்தைக்குக் கரைத்து ஊட்டினார்களா என்று வாசலில் போய்ப் பார்க்க ஆளேது? மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கென்று மையத்துக்கு இன்னொரு பணியாளர் போடச் சொல், உப்புமாவைப் பிறகு பேசலாம்.

சித்திரையில் பேத்திக்குக் காதுகுத்து. அண்ணனையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு.

அன்புடன்,
மல்லிகா